பகையாளியை நேசிக்கத் தொடங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்வோம். அதில் மன்னிப்பைப் பற்றி வரும் இடத்தில் மட்டும் ஆறு வருஷமாக என் வாய் தானாக மூடிக்கொண்டது. இரண்டு பெஞ்சு முன்னால் என் பெரியப்பா மகன் உட்கார்ந்திருப்பார். எங்கள் இரண்டு வயலுக்கும் நடுவே கிணற்றுக்குப் போகும் எட்டடி வண்டிப்பாதை தன் பட்டாவில் வருகிறது என்று சொல்லி, கம்பி வேலி போட்டு அடைத்தவர் அவர். நான் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டேன். அதற்குப் பிறகு கல்யாணம், சாவு எதற்கும் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. ஒரே கோயில், ஒரே வேதபுத்தகம், ஒரே ஜெபம். பேச்சு மட்டும் கிடையாது.

அப்படி ஒரு நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பகைவரை நேசிக்கச் சொல்லும் பிரசங்கங்களை எத்தனையோ கேட்டிருப்போம். திங்கட்கிழமை காலையில் அதை எந்த இடத்தில் தொடங்குவது என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. வேதத்தில் படித்ததையும், எனக்கு முன்னால் இந்த வழியில் நடந்தவர்களிடம் கற்றதையும், நான் தடுக்கி விழுந்து தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. திருக்குறளில் இன்னாசெய்யாமை அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இந்த வழி புதிதாகவும் இருக்காது.

படி 1: பெயரை எழுதுங்கள்

"எனக்கு எதிரி என்று யாரும் இல்லை" என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே இருப்பவற்றை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் யாரைப் பார்த்ததும் வேறு வாசல் வழியாகப் போகிறீர்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருடைய பெயர் வந்தால் முகம் சுருங்குகிறது? யாருக்கு நஷ்டம் என்று கேள்விப்பட்டால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வருகிறது? அந்தப் பெயர்தான்.

பெரும்பாலும் அது தூரத்து ஆளாக இருக்காது. பாகம் பிரித்ததில் ஏமாற்றிய பங்காளி, வரதட்சணை விஷயத்தில் வார்த்தையை விட்ட சம்பந்தி, பதவி உயர்வைத் தட்டிப் பறித்த அலுவலக நண்பர், சீட்டுப் பணத்தோடு காணாமல் போன தெருக்காரர் என்று பக்கத்திலேயே இருப்பவராகத்தான் இருப்பார். ஒரு தாளில் ஒரே ஒரு பெயரை எழுதுங்கள். முதல் தடவையே வாழ்க்கையின் ஆகப்பெரிய காயத்தை எடுக்காதீர்கள். நீச்சல் பழகுகிறவனை ஆற்றின் சுழியில் இறக்கமாட்டோம் அல்லவா? மனதை உறுத்துகிற, ஆனால் தூக்கத்தை முழுதாகக் கெடுக்காத ஒரு பகையிலிருந்து தொடங்குவது நல்லது.

பெயருக்குக் கீழே, அவர் உங்களுக்குச் செய்ததை ஒரே வரியில் எழுதுங்கள். அடைமொழி எதுவும் வேண்டாம். "பாதையில் வேலி போட்டார்" என்று நான் எழுதியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆறு வருஷமாக நான் சுமந்த கதை அந்த மூன்று வார்த்தையைவிட எவ்வளவோ பெரிதாக வளர்ந்திருந்தது.

படி 2: இயேசு எந்த அன்பைக் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்

தொடக்கக்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். "அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது, எப்படி நேசிப்பது?" என்று கேட்பார்கள். நேசிப்பது என்றால் பிடித்துப்போவது என்று நினைத்துக்கொள்வதால் வரும் கேள்வி இது.

பகைவரை நேசிக்கும்படி இயேசு சொன்ன சூழ்நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயா ஜனங்கள் ரோமப் பேரரசின் பிடியில் இருந்தவர்கள். வழியில் போகிற ஆளை ஒரு ரோமப் போர்ச்சேவகன் நிறுத்தி, தன் மூட்டையை ஒரு மைல் தூரம் சுமக்க வைக்கலாம். அன்றைய மைல் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். தோளில் அந்தச் சுமையின் தழும்பு உள்ளவர்களைப் பார்த்துத்தான், இன்னொரு மைலும் கூடப் போ என்றார் அவர். பகைவன் யார் என்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லூக்கா 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து, அவர் கேட்கிற காரியங்களை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். சிநேகிப்பது, நன்மை செய்வது, ஆசீர்வதிப்பது, ஜெபிப்பது. நான்கும் வினைச்சொற்கள். அந்த ஆளைப் பார்த்து உருகு என்றோ அவரை உனக்குப் பிடிக்க வேண்டும் என்றோ எங்கும் இல்லை. இந்த இடத்தில் புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் அகாபே என்ற சொல்லை ஒட்டிய வினையைத்தான் வைத்திருக்கிறது. மற்றவருடைய நன்மையை விரும்பி அதற்காகச் செயல்படுகிற அன்பு அது. மனம் பின்னால் வரும், சில நேரம் வெகு பின்னால் வரும்.

இதைவிடப் பழைய இடம் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. யாத்திராகமம் 23-ல் மோசேயின் சட்டம் சொல்கிறது: உன் சத்துருவின் மாடு வழிதப்பித் திரிந்தால் அதை அவனிடம் கொண்டுபோய் விடு, உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் அவனோடு சேர்ந்து தூக்கிவிடு. வயல்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். விழுந்த மாட்டையோ கழுதையையோ ஒற்றை ஆள் தூக்க முடியாது. ஒரு பக்கம் நீங்கள் கைகொடுத்தால் மறுபக்கம் உங்கள் பகையாளி நிற்பார். பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும் "ஏ... தூக்கு" என்றாவது சொல்லியாக வேண்டும்.

படி 3: பெயர் சொல்லி ஜெபியுங்கள்

நான்கு வினைகளில் யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான். அதனால் இதிலிருந்து தொடங்குங்கள். தினமும் ஒரே நேரம், இரண்டு நிமிஷம் போதும். நான் காலையில் மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் நின்றபடி ஜெபித்தேன். அந்த வேலி கண்ணெதிரே தெரியும் இடம் அது.

முதல் நாள் என் ஜெபம், "ஆண்டவரே, அவரை நீரே பார்த்துக்கொள்ளும்" என்பதுதான். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அது சாபம், ஜெபத்தின் வேஷம் போட்டு வந்திருந்தது. ஆனாலும் ஆண்டவர் முன்னால் நின்று சொன்னது என்பதால் அதையும் நான் குறைவாக நினைக்கவில்லை. சங்கீதப் புத்தகத்தில் 109-ஆம் சங்கீதம் போன்ற கொதிக்கிற ஜெபங்களும் இருக்கின்றன. கோபத்தை ஆலயத்துக்கு வெளியே செருப்போடு கழற்றி விட்டுவிட்டு வா என்று வேதம் சொல்லவில்லை. உள்ளே கொண்டுவந்து கொட்டத்தான் இடம் தந்திருக்கிறது. ஆகவே முதல் சில நாள் குறையைச் சொல்லுங்கள். முழுதாகச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு அவருக்காக ஏதாவது ஒன்றை, குறிப்பாக, கேளுங்கள். "அவரை ஆசீர்வதியும்" என்ற மொட்டை வார்த்தைக்குள் மனம் ஒளிந்துகொள்ளும். "அவர் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, பயமில்லாமல் எழுத வேண்டும்" என்று கேட்டால் ஒளிய இடமில்லை. நான் இப்படிக் கேட்கத் தொடங்கியது மூன்றாம் வாரத்தில். அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். வரப்பில் நின்றிருந்த எனக்கு, மழலையில் அவள் என்னைச் "சித்தா" என்று கூப்பிட்ட குரல் ஞாபகத்துக்கு வந்தது. வேலி போட்டதிலிருந்து அவளையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் எனக்கு என்ன செய்தாள்?

உங்களுக்கும் அப்படி ஒரு முகம் கிடைக்கும். பகையாளிக்குச் சர்க்கரை வியாதி இருக்கும், கடன் இருக்கும், வேலை கிடைக்காத மகன் இருப்பான். ஜெபிக்க விஷயம் தேடினால்தான் அவையெல்லாம் கண்ணில் படும்.

இதில் விசுவாசம் எங்கே வருகிறது?

நல்ல குணம் உள்ளவர்கள் இதையெல்லாம் விசுவாசம் இல்லாமலே செய்துவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. சிலரால் முடியும், அவர்களை நான் மதிக்கிறேன். எனக்கு முடியவில்லை. எனக்கு இரண்டு பிடிமானம் தேவைப்பட்டது.

முதலாவது, பழிதீர்ப்பது என் வேலை இல்லை என்ற நம்பிக்கை. ரோமர் 12-ல் பவுல் அதைத் தேவனுடைய கையில் விட்டுவிடச் சொல்கிறார். நியாயம் ஒருநாளும் கிடைக்காது என்று நினைக்கிறவனால் பகையை இறக்கி வைக்க முடியாது. அவன் இறக்கினால் அந்தக் கணக்கு அத்தோடு போயிற்று. கணக்குப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவனுக்குக் கை காலியாகிறது. இரண்டாவது பிடிமானம், நானும் மன்னிக்கப்பட்டவன் என்பது. நாம் தேவனுக்குப் பகைவராக இருந்த காலத்திலேயே அவரோடு ஒப்புரவாக்கப்பட்டோம் என்று அதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். அதை உண்மையாக நம்பினால், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கீழே பார்க்கிற உயரம் எனக்கு இல்லாமல் போகிறது.

மலைப்பிரசங்கத்தில் இயேசு இதற்கு மழையைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். நல்லவன் நிலம், கெட்டவன் நிலம் என்று பார்த்தா அது பெய்கிறது? ஐப்பசியில் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழைக்கும் அண்ணன் வாழைக்கும் ஒரே மழை. நடுவில் நின்ற கம்பி வேலியின் மேலும் அதே மழைதான்.

படி 4: நாக்கில் ஒரு விரதம்

இது சுருக்கமான படி, ஆனால் மிகவும் கஷ்டமானது. ஒரு மாதம் அந்தக் கதையை யாரிடமும் சொல்லாதீர்கள். மனைவியிடமோ கணவரிடமோ, நம்பிக்கையான ஒரு ஆயரிடமோ ஆலோசனைக்காகப் பேசுவது வேறு. டீக்கடையில் பேசுவது, குழுவில் ஜாடையாக வசனம் அனுப்புவது, "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் ஊருக்கே பரப்புவது, இவைதான் கூடாது. சொல்லச் சொல்ல அந்தக் கதைக்குப் புதுக்கிளை முளைக்கிறது.

ஆசீர்வதிப்பது என்பதற்கு லூக்காவில் வரும் கிரேக்கச் சொல்லை அப்படியே பிரித்தால் நன்றாகப் பேசுவது என்று வரும். எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் "பாதைக்காரன்" என்று பெயர் வைத்திருந்தோம். பிள்ளைகள்வரை அதையே சொன்னார்கள். நான் முதலில் செய்தது அந்தப் பெயரை நிறுத்தியதுதான். ஒருநாள் சாப்பிடும்போது "அண்ணன் வீட்டில்" என்று நான் ஆரம்பித்ததும் என் மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முறை சொல்லிக் கூப்பிடுவது நம் மொழி நமக்குத் தந்திருக்கிற பெரிய வசதி. அண்ணன், மதினி, மாமா, அத்தை என்று வாய் சொல்லிவிட்டால் அந்த உறவுக்கு உரிய மரியாதை பாதியாவது கூடவே வந்துவிடுகிறது.

படி 5: கைக்கு எட்டிய ஒரு நன்மையைச் செய்யுங்கள்

பெரிய தியாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பகையாளிக்கு இன்று என்ன தேவை என்று பாருங்கள். அவருடைய பார்சல் உங்கள் வீட்டுக்கு மாறி வந்தால் கொண்டுபோய்க் கொடுப்பது, அலுவலகத்தில் அவர் செய்த நல்ல வேலையை மேலதிகாரி முன்னால் அவர் செய்தது என்றே சொல்வது, அவர் வீட்டுச் சாவுக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வருவது. இந்த அளவு போதும்.

எனக்கு வாய்த்தது தண்ணீர். பங்குனி மாதம், அண்ணன் தோட்டத்து மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. காயில் கட்டக் கொடுத்தால் திரும்பி வர நான்கைந்து நாளாகும். அவர் வாழை குலை தள்ளும் பருவத்தில் நின்றது. அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் குலை சிறுத்துப்போகும், ஒரு வருஷத்துப் பாடு வீண். முதலில் எனக்கு வந்த நினைப்பை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. மூன்று மாதமாக அவர் மகளுக்காக ஜெபித்துவிட்டு, அவளுடைய காலேஜ் பணம் வயலில் காய்வதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் படுத்திருப்பது?

விடியற்காலையில் எழுந்து, என் மடையை அடைத்து, வேலிக்கு அடியில் ஓஸைச் செருகி, அவர் வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். இரண்டு மணி நேரம் ஓடியது. அவர் வந்து பார்த்தார். மண்வெட்டியை எடுத்துப் பாத்தி மாற்றி மாற்றித் தண்ணீர் கட்டினார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளும் விட்டேன், அதற்கு மறுநாளும். நன்றி வரவில்லை. வேலியும் அகலவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து விடுகிறார்கள். நன்மை செய்தால் எதிராளி உடனே கண்ணீரோடு வந்து கட்டிப்பிடிப்பார் என்ற எண்ணம் சாட்சிக் கூட்டங்களில் கேட்ட கதைகளால் வந்தது. பவுல் ரோமர் 12-ல், பசித்த பகைவனுக்குச் சாப்பாடு கொடுப்பது அவன் தலையில் நெருப்புத்தணல் குவிப்பது போல என்கிறார். நீதிமொழிகள் 25-லிருந்து எடுத்தது. வள்ளுவரும் நன்மையால் பகைவனை நாணவைப்பதைப் பேசுகிறார். ஆனால் அந்த நாணம் எப்போது வரும் என்று இருவருமே நாள் குறிக்கவில்லை. சில நேரம் வராமலே போகும்.

1569-ல் நெதர்லாந்தில் ஆஸ்பெரன் என்ற ஊரில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர், தன் விசுவாசத்துக்காக அடைத்து வைக்கப்பட்ட சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடினார். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனை இழுத்துக் காப்பாற்றினார். பிடிபட்டார். அந்த வருஷம் மே 16-ஆம் தேதி அவரை உயிரோடு எரித்தார்கள். அந்தக் கதைக்கு நல்ல முடிவு இல்லை. நானூற்றைம்பது வருஷமாக மெனோனைட் சபையார் அதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

படி 6: தனியாகப் போய்ப் பேசுங்கள்

நம் ஊர்களில் சண்டை வந்தால் முதலில் பெரியவர்களைக் கூட்டுவோம், பிறகு போலீஸ், பிறகு வக்கீல். சம்பந்தப்பட்ட இருவரும் நேருக்கு நேர் பேசுவது கடைசியில் நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. மத்தேயு 18-ல் இயேசு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறார். முதலில் நீயும் அவனும் மட்டும், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகள், அதற்கும் பிறகுதான் சபை. முதலில் தனியாகப் போவது, எதிராளியின் மானத்தைக் காப்பாற்றுவதற்கும்தான். பத்துப் பேர் முன்னால் இறங்கி வர எந்த மனுஷனுக்கும் கூச்சமாக இருக்கும்.

மலைப்பிரசங்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிறார். பலிபீடம் இருந்தது எருசலேமில். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாக்காரர்கள். ஊருக்குத் திரும்ப நூறு கிலோமீட்டருக்கு மேல், சில நாள் நடை. காணிக்கை அங்கே காத்திருக்கட்டும், நீ நடந்து போய் வா என்கிறார். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள்: உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை, அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார்.

போகும்போது சில விஷயம் உதவும். சாப்பாட்டு நேரமும் பணம் எண்ணுகிற நேரமும் வேண்டாம். முதல் வாக்கியம் உங்கள் தப்பைப் பற்றியதாக இருக்கட்டும். நான், "அண்ணே, பெரியம்மா செத்ததுக்கு நான் வரலை. அது தப்பு. மன்னிச்சிரு" என்று சொன்னேன். பாதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நீ அப்படிச் செய்தபோது எனக்கு இப்படி இருந்தது" என்று உங்கள் வலியைச் சொல்லுங்கள். "நீ எப்போதுமே இப்படித்தான்" என்ற வார்த்தை வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். அவர் பேசாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், போனது வீண் இல்லை. அண்ணன் அன்றைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதினிதான் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தார்.

படி 7: அடியை வாங்கிக்கொண்டே இருப்பது அன்பு அல்ல

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு யாரும் மேலே போகக் கூடாது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனை மன்னித்துச் சகித்துக்கொள் என்று பெண்களுக்கு இந்த வசனத்தைச் சொல்லி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேதத்தின் பேரில் செய்கிற அநியாயம். மன்னிப்பு ஒருவரே செய்யக்கூடியது. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், அதற்கு எதிராளி மனம் திரும்பியிருக்கவும் வேண்டும். நம்பிக்கை அதற்கும் மேலே, அது காலப்போக்கில் திரும்பச் சம்பாதிக்க வேண்டியது. மூன்றையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள்.

பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் அறைந்தபோது, ஏன் அடித்தாய் என்று இயேசு கேட்டார். யோவான் 18-ல் இருக்கிறது. பவுல் பிலிப்பியில் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்லி அதிகாரிகளையே வரவழைத்தார், பின்னொரு நாளில் ராயனுக்கு மேல்முறையீடு செய்தார். சட்டத்தை நாடுவது அன்புக்கு விரோதம் இல்லை. வீட்டில் வன்முறை நடந்தால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள். பகைவருக்காக அங்கிருந்தே ஜெபிக்கலாம். ஒருவர் தொடர்ந்து பாவம் செய்ய வசதி செய்து கொடுப்பது அவருக்கும் நன்மை இல்லை.

1956 ஜனவரி 30 இரவு, அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஆயுதங்களோடு திரண்ட தன் ஜனங்களை, வீட்டு முகப்பில் நின்று அவர் சமாதானப்படுத்தி அனுப்பினார். ஆனால் பேருந்துப் புறக்கணிப்பை அவர் நிறுத்தவில்லை. 381 நாள் நடந்து, பேருந்துகளில் நிறப் பாகுபாடு ஒழிந்த பிறகுதான் அது முடிந்தது. கையில் கல் இல்லை, கோரிக்கையில் விட்டுக்கொடுத்தலும் இல்லை. என் பாதை வழக்கை நான் திரும்பப் பெறாததற்கும் இதுதான் காரணம். அந்தப் பாதை என் பிள்ளைகளுக்கும் தேவை. நியாயத்தை நீதிபதி சொல்லட்டும். அதுவரை அவர் எனக்கு அண்ணன்.

படி 8: திரும்பத் திரும்ப மன்னியுங்கள்

மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பாட்டு, ஒரு வாசனை, மறுபடியும் உள்ளே கொதிக்கும். அப்போது, நான் மன்னித்தது பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஏழு எழுபதுதரம் என்று இயேசு பேதுருவுக்குச் சொன்னதை, எதிராளி புதிதாகச் செய்யும் தவறுகளுக்கான கணக்கு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பழைய ஒரே தவறை, அது நினைவுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் மன்னிப்பதற்கும் அந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

கோரி டென் பூம் என்ற டச்சுப் பெண்மணியின் குடும்பம் நாஜிகளிடமிருந்து யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தது. 1944-ல் காட்டிக்கொடுக்கப்பட்டு, அவரும் அக்காள் பெட்ஸியும் ராவன்ஸ்புரூக் முகாமுக்குப் போனார்கள். பெட்ஸி அங்கேயே இறந்தார். 1947-ல் ஜெர்மனியில் மியூனிக் நகரத்து ஆலயத்தில் கோரி மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அதே முகாமில் காவலனாக இருந்த ஒருவன் வந்து கையை நீட்டினான். தன் கை உயரவே இல்லை என்று கோரி பின்னாளில் எழுதினார். மனதில் அன்பின் சிறு பொறிகூட இல்லை. உதவி கேட்டு உள்ளுக்குள் ஜெபித்து, மரக்கட்டையைத் தூக்குவது போலக் கையைத் தூக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அன்பு வந்தது. கை முன்னால் போனது, மனம் பின்னால் வந்தது. இரண்டாம் படியில் நான் சொன்னதை அவர் முகாமின் காவலன் முன்னால் நின்று கற்றார்.

நம் நாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் தொழுநோயாளிகளிடையே ஊழியம் செய்த கிரகாம் ஸ்டெயின்ஸும் பிலிப், தீமோத்தேயு என்ற இரண்டு மகன்களும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னிப்பதாக அறிவித்தார், பாரிபதாவில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். குற்றவாளிகள்மேல் நீதிமன்ற நடவடிக்கை தன் வழியில் நடந்தது. மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற ஏழைகளுக்காக உழைத்த கேரளத்துச் சகோதரி ராணி மரியா, 1995-ல் ஓடும் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய உடன்பிறந்த தங்கை, அவரும் துறவிதான், 2002-ல் ரக்‌ஷா பந்தன் அன்று சிறைக்குப் போய்க் கொன்றவன் கையில் ராக்கி கட்டினார். நடுவில் ஏழு வருஷம். இவர்களை உங்களுக்கு அளவுகோலாக வைக்கவில்லை. நடக்கத் தொடங்குகிறவருக்கு, இந்த வழி எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

படி 9: சபையோடு சேர்ந்து செய்யுங்கள்

தனியாகச் செய்தால் களைத்துப்போவீர்கள். நம் வழிபாட்டில் இதற்கென்றே வைத்திருக்கிற இடங்களைப் பயன்படுத்துங்கள். 1947-ல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-ல் அது தயாரித்த நற்கருணை ஒழுங்கில், சமாதானத்தைக் கையோடு கை சேர்த்து ஒருவருக்கொருவர் கடத்துகிற பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒருவர் இரண்டு கையாலும் இன்னொருவர் கையைப் பொதிந்துகொள்வார். கத்தோலிக்கத் திருப்பலியிலும் நற்கருணைக்கு முன்னால் சமாதானம் பகிர்கிற நேரம் உண்டு. அவசரமாகக் கும்பிட்டு முடித்துவிடாமல், முடிந்தால் அந்த நாளில் இடம் மாறி உங்கள் பகையாளிக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்று ஒன்று உண்டு. ஊரே காணிக்கை போட்டு, பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் ஆக்கி, எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவோம். போன வருஷ அசனத்தில் நான் இலை முன்னால் உட்கார்ந்தபோது, குழம்பு வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தவர் அண்ணன். எனக்கு எதிரே வந்ததும் நின்றார். ஒரு கரண்டி ஊற்றினார். போகத் திரும்பியவர், மறுபடி குனிந்து வாளிக்கு அடியில் துழாவி எலும்புக்கறி ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தார். சிறுவயதில் நான் அதைத்தான் கேட்டு அடம்பிடிப்பேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. போன மாதம் வாய்தாவுக்குப் போக நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன், அவரும் அங்கே நின்றார். ஒரே பஸ், ஒரே சீட். கண்டக்டர் வந்தபோது அண்ணன் ஐம்பது ரூபாயை நீட்டி, "கோர்ட் ஸ்டாப், ரெண்டு" என்றார்.